இல்லத்து இசையும் சப்வூபரும்

இல்லத்திலமர்ந்து இசை கேட்டு மகிழும் பொருட்டு நல்லதொரு ஜோடி ஒலிபெருக்கிகளை வாங்கி வைத்திருப்போர், சின்னாட் கழிந்தபின் தம்முள் எழுப்பும் வினா ஒன்றுண்டு. இவ்விரண்டனோடு சப்வூபர் என வழங்கும் கீழ்ஸ்தாயி ஒலிபெருக்கியையும் சேர்த்துக்கொள்ளலாமா, அன்றி இருப்பதே போதுமா என்பதே அவ்வினா. கடைக்காரரைக் கேட்பின் வேண்டும் என்பார். அடுத்த வீட்டாரைக் கேட்பின் வேண்டா என்பார். இவ்விருவர் கூற்றும் தத்தம் நலம் நோக்கி எழுந்தனவாதலின், பொருளின் இயல்பு நோக்கி விடை காண முயல்வோம்.

ஒலியாவது காற்றின்கண் எழும் அதிர்வென்பதை நாம் இளவகுப்புக்களிலேயே கற்றுள்ளோம். வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு ஈறாக உள்ளனவற்றையே மாந்தர் செவி ஒலியென உணரும். இவ்வெண்ணை ஹெர்ட்ஸ் என்று வழங்குவர். யாம் இக்கட்டுரையில் எளிமை கருதி 'அதிர்வு' என்றே குறிப்போம். இப்பரந்த எல்லையுள் 20 முதல் 80 அல்லது 100 வரையுள்ள அடிப்பகுதியை மட்டும் ஒலிப்பதற்கென அமைந்த பெட்டியே சப்வூபராகும்.

அவ்வடிப்பகுதிக்குத் தனிப்பெட்டி எற்றுக்கு எனின், கூறுதும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. ஒலி ஒரு ஸ்தாயி கீழிறங்குந்தோறும், அதே வலிமையை நிலைநிறுத்தக் கூம்பு முன்னினும் நான்மடங்கு தொலைவு அசைதல் வேண்டும். 80 அதிர்வில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதுமெனின், 40 அதிர்வில் 4 மில்லிமீட்டரும், 20 அதிர்வில் 16 மில்லிமீட்டரும் அசையவேண்டுமென்க. இல்லங்களில் காணப்படும் 5 அங்குலக் கூம்பிற்கு இஃது இயல்வதன்று. 10 அங்குலக் கூம்போ அதனினும் ஏறத்தாழ நான்மடங்கு பரப்புடையதாகலின், கால்பங்கு அசைவிலேயே அதே காற்றைத் தள்ளிவிடும். மின்சுருளும் காந்தமும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-ல் உருவாக்கினர். சிறு பெட்டியை முற்றிலும் அடைத்து, உள்ளடைந்த காற்றையே வில்லாகக் கொண்டு ஆழ்ந்த ஒலி எழுப்பலாமென்பதை எட்கர் வில்சர் 1954-ல் விற்பனைக்கு வந்த தம் பெட்டியால் காட்டினார். இன்றைய சிறு சப்வூபர் பலவும் அவ்வழி வந்தனவே.

சப்வூபர் இத்துணைப் பெயர் பெற்றது இசையாலன்று, திரைப்படத்தால் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1974-ல் வெளிவந்த 'எர்த்குவேக்' என்னும் அமெரிக்கப் படத்திற்காகக் கொட்டகைகளில் பெருங் கீழொலிப் பெட்டிகளை அடுக்கி, நாற்காலியும் நடுங்குமாறு செய்தனர். பின்னர் 1992 முதல் பரவிய டிஜிட்டல் ஒலிமுறையில் வெடியும் இடியும் போன்றவற்றிற்கெனவே தனித்தடம் ஒன்று வகுக்கப்பட்டது. இசைத்தட்டிலும் இசைக்கோப்பிலுமோ அத்தகைய தனித்தடம் இல்லை. இடம், வலம் என இரண்டே உள. ஆதலின் இசை கேட்போன் சப்வூபர் வாங்குவது புதிதாக ஒன்றைப் பெறுதற்கன்று; முன்னமே இவ்விரு தடங்களுள் அடங்கியிருந்து தன் ஒலிபெருக்கி சொல்ல மாட்டாது விட்டதைக் கேட்பதற்கே. அவ்வாறு விடுபட்டது யாதும் உளதா என்பதன்றோ முதற்கண் ஆராயத்தக்கது?

அது நாம் கேட்கும் இசையைப் பொறுத்தது. ஆடவர் ஒருவர் 1 கட்டைச் சுருதியில் பாடுவாராயின், அவர் தம்பூராவின் மந்தர சட்ஜம் ஏறத்தாழ 65 அதிர்வாகும். அதிலும் அடிப்படை அதிர்வினும் அதன் மேலெழும் கிளைச்சுரங்களே வலிமை மிக்கன. தம்பூராவின் இனிமையும் அவற்றாலேயே அமைவது. மிருதங்கத்தின் கருஞ்சோறு தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்குபடுத்திச் சுரத்தோடு இயையும் கிளைச்சுரங்களாக்குகின்றது என்பதைச் சர். சி. வி. ராமன் 1920-லும் 1934-லும் ஆராய்ந்து வெளியிட்டார். நம் கருவிகளின் சிறப்பு ஆழத்திலன்று, கிளைச்சுரங்களின் ஒழுங்கிலேயே உளதென்பதை இது காட்டும். ஆகவே கருநாடக இசை மட்டும் கேட்பார்க்கு 60 அதிர்வு வரை தெளிவுற ஒலிக்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் போதும். பழைய தட்டுக்களை விரும்புவார்க்கோ அதுதானும் மிகை. 1925-ல் மின்முறைப் பதிவு தோன்றுமுன், பாடகர் குரல் ஊதுகுழல் ஒன்றன் வாயிலாகவே மெழுகில் வரையப்பட்டது. அப்பதிவுகளில் ஆழ்ந்த ஒலி அறவே இல்லை. அவற்றைச் சப்வூபரோடு கேட்பின் தட்டுச் சுழலும் உறுமலே மிகுந்து கேட்கும்.

ஆயின், பிற இசைகள் இவ்வெல்லையிற் கீழிறங்குவன. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 அதிர்வு. பியானோவின் கடைக்கட்டை 27½ அதிர்வு. ஆலயங்களிலுள்ள குழல் ஆர்கனின் 16 அடிக் குழல் ஏறக்குறைய 33 அதிர்வும், 32 அடிக் குழல் 16 அதிர்வுமாம். ஈற்றிற் கூறியது செவியாற் கேட்பதினும் உடலால் உணர்வதென்னலே பொருந்தும். நம் திரையிசையிலும், 1976-ல் 'அன்னக்கிளி'யுடன் தொடங்கிய இளையராஜாவின் பாடல்களில், பேஸ் கிதார் தாளத்திற்குத் துணைபோவதோடமையாது பாட்டின் அடியில் மற்றொரு பாட்டாகவே நடைபோடுவதைக் கூர்ந்து கேட்போர் அறிவர். அவ்வடிநடையை இழந்தவன் அப்பாடலிற் பாதியை இழந்தவனே என்பது எம் கருத்து. ஒலிபெருக்கிகளை ஒப்பிட்டுக் கேட்டோர் விருப்பங்களைக் கணித்த ஷான் ஆலிவ் என்பார், அவ்விருப்பத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கீழொலியின் ஆழத்தைப் பொறுத்ததென 2004-ல் வெளியிட்ட ஆய்விற் கண்டனர்.

செவியின் இயல்பும் இங்குக் குறுக்கிடுகின்றது. 1933-ல் பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் விளக்கியவாறு, நம் செவி நடுவொலிகளுக்குக் கூர்மையும் அடியொலிகளுக்கு மந்தமும் உடையது. 1,000 அதிர்வுள்ள ஒலி 3 டெசிபல் அளவிலேயே கேட்கத் தொடங்கும். 40 அதிர்வுள்ளது 51 டெசிபலும், 20 அதிர்வுள்ளது ஏறத்தாழ 78 டெசிபலும் எட்டினாலன்றிக் கேளாது. இரவில் மெல்லிய ஒலியிற் கேட்கும் பழக்கமுடையான் ஆழ்ந்த கீழொலிக்கெனப் பொருள் செலவிடுவானாயின், அவன் வாங்கியதில் ஒரு பகுதி அவன் செவிக்கே எட்டாது. மறுதலையாக, கேட்கத் தொடங்கியபின் கீழொலியைச் சிறிதே உயர்த்தினும் அது பெரிதும் மிக்கதாகத் தோன்றும். சப்வூபர் உள்ள வீடுகளிற் பல இரைச்சல் வீடுகளாக இருத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இப்பொருளில் யாவற்றினும் தலையாயதும், கடைகளில் ஒருவரும் சொல்லாததுமாகிய அறையின் இயல்பைக் கூறுவாம். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். எனவே 40 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 8.7 மீட்டர், அஃது எம் போன்றோர் வீட்டு அறைகளினும் இருமடங்கிற்கு மேற்பட்டது. அத்துணை நீண்ட அலை சிறிய அறையுள் அடைபட்டுச் சுவர்களிடையே மோதி மீண்டு நிலையலையாக நிற்கும். அறையின் நீளம் அரை அலைநீளத்திற்கு ஒத்த அதிர்வில் இது மிகும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நீளத்தால் 48 அதிர்விலும், அகலத்தால் 57 அதிர்விலும், உயரத்தாலும் அதே 57 அதிர்விலும் நிலையலை எழும். அகலமும் உயரமும் ஒத்தமையின் 57-ல் இரட்டை வீக்கம் காண்க. மரச்சட்டமும் பலகையுங் கொண்ட மேனாட்டுச் சுவர்கள் கீழொலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்; நம் செங்கற்சுவரும் கான்கிரீட்டுக் கூரையும் அதனை ஏறக்குறைய முழுமையாகவே திருப்பியனுப்பும். ஆதலின் இக்குறை நம் வீடுகளில் மிகுதி.

நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் மிக்கும் அறையின் நடுவில் அற்றும் இருக்கும். ஆகவே ஒரே வலிமையுடன் மீட்டிய சுரங்களுள் ஒன்று சுவரருகே அமர்ந்தவனுக்கு முரசென முழங்க, நடுவில் அமர்ந்தவனுக்கு அதே சுரம் மறைந்தே போம். இதற்குச் சான்றாக ஒன்று கூறுவோம். எம் நண்பராகிய ஆசிரியர் ஒருவர், மேற்கூறிய அளவுள்ள மாடியறை ஒன்றில் 6½ அங்குலக் கூம்புள்ள ஒலிபெருக்கிகளைக் கொண்டு காலையிற் கருநாடக இசையும் மாலையில் திரையிசையும் கேட்டு வந்தார். பேஸ் கிதாரின் நடையில் சிற்சில சுரங்கள் விழுங்கப்படுவதாகவும், ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே செலவிட்டுச் சப்வூபர் வாங்கக் கருதியிருப்பதாகவும் கூறி, எம் கருத்தை வினவினார். யாம் சென்று நோக்கியபோது அவர் நாற்காலி நீளவாட்டில் அறையின் நட்டநடுவே கிடந்தது. மறைந்த சுரங்களுள் தலையாயது 49 அதிர்வுள்ளது. அறையின் நிலையலையோ 48. நாற்காலியைப் பின்னே நகர்த்திப் பின்சுவரினின்றும் 4 அடியில் இட்டோம். அவ்விடத்தில் அந்நிலையலையின் அழுத்தம் சுவரோரத்ததிற் பாதியாகும். அஃதாவது 6 டெசிபல் குறைவு. மிகையுமன்று, குறையுமன்று. மறைந்த சுரம் மீண்டது. செலவு யாதுமில்லை.

ஒலிபெருக்கியின் இடமும் இங்ஙனமே ஆராயத்தக்கது. பின்சுவரினின்றும் 70 சென்டிமீட்டர் தள்ளி வைத்த பெட்டியின் கீழொலி சுவரிற் பட்டு மீண்டு, 125 அதிர்வளவில் நேரொலியை எதிர்த்து அழிக்கும். ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்தின் அவ்வழிவு வேறோர் அதிர்விற்கு மாறும். புதுப்பெட்டி வாங்குமுன் ஒரு விடுமுறை நாளை இவ்வாறு நகர்த்திக் கேட்பதிற் கழித்தல் நன்று.

இத்துணையும் செய்தபின்னரும் ஆழம் போதாதெனின், அப்போதே சப்வூபரைக் கருதல் தகும். அதனை எங்கு வைப்பதென்பதற்கு எளியதோர் உபாயமுண்டு. ஒலி பிறக்குமிடத்தையும் கேட்குமிடத்தையும் ஒன்றற்கொன்று மாற்றினும் விளைவு மாறாது என்னும் பரஸ்பர நியதியை ரேலி பிரபு 19-ம் நூற்றாண்டில் விளக்கினார். அந்நியதிப்படி, சப்வூபரை நாம் அமரும் நாற்காலியின் மேலேற்றி, பேஸ் கிதார் ஏறியிறங்கும் பாடலொன்றை ஒலிக்கச் செய்து, நாம் சுவரோரமாக மண்டியிட்டு ஊர்ந்து சென்று கேட்டல் வேண்டும். எல்லாச் சுரமும் ஒத்து ஒலிக்கும் மூலை எதுவோ அதுவே பெட்டிக்குரிய இடம். வீட்டுப் பிள்ளைகள் கண்டு நகைப்பராயினும், மேசைக்கருகே இடம் கிடந்ததென்று பெட்டியை அங்கே வைத்து, அதன்மேற் பூச்சாடியும் வைப்பதினும் இது நூறு மடங்கு அறிவுடைத்து.

ஒன்றினும் இரண்டு நன்று என்பர் இத்துறையில் ஆய்ந்தோர். இது விற்பனைச் சொல்லன்று. டாட் வெல்டி என்பார் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பல சப்வூபர்களைப் பலவாறு வைத்துக் கணித்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் ஒவ்வொன்றாக இரண்டு வைப்பினும் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு பெரிதும் குறையும் என்று காட்டினார். காரணம் எளிது. நீளவாட்டு நிலையலையில் இரு கோடிச் சுவர்களின் அழுத்தமும் ஒன்று ஏற மற்றது இறங்கும். இரு பெட்டிகளும் ஒருங்கே தள்ளின் அவ்வலை எழ வழியின்றி அடங்கும். ஒவ்வொரு பெட்டியும் தன் சுவரின் நடுவில் இருத்தலால் அகலவாட்டு அலையையும் அது தூண்டாது. தரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட அலை மட்டும் எஞ்சி நிற்கும். ஆதலின் பெரும்பெட்டி ஒன்றினும் அடைத்த சிறுபெட்டி இரண்டு மேல் என்றே யாம் கூறுவோம். துளையுள்ள பெட்டி தன் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் திடீரென வீழும். அடைத்த பெட்டி 12 டெசிபல் வீதமே மெல்லச் சரியும். சிறிய அறை மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தானே ஓரளவு உயர்த்திக் கொடுப்பதால் அச்சரிவும் ஈடுபெறும். ஆயின் இது கதவும் ஜன்னலும் சாத்திய அறையிலேயே நிகழ்வது. காற்றுக்காக எல்லாவற்றையும் திறந்துவைத்திருக்கும் நம் கோடைக்காலத்தில் அவ்வுதவியை மிகுதியும் எதிர்பார்த்தற்கில்லை.

சப்வூபரால் வரும் மற்றொரு நன்மையைப் பலரும் நினைப்பதில்லை. 80 அதிர்விற்குக் கீழ்ப்பட்ட பளுவைச் சப்வூபர் ஏற்று, முதன்மை ஒலிபெருக்கிகளுக்கு அது செல்லாதவாறு தடுத்துவிடின், அவற்றின் கூம்புகள் மிகச் சிறிதே அசையும். அதனால் குரலும் வயலினும் முன்னினும் தெளிவுறும். 80 என்னும் எல்லை தன்னியல்பாய் எழுந்ததன்று எனினும் பொருத்தமானதே. அதற்குக் கீழ் ஒலி எத்திசையினின்று வருகின்றதென்பதைச் செவியால் எளிதில் அறியவொண்ணாது. ஆனால் இரட்டைத்தட ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இப்பங்கீடு செய்யும் வசதியில்லை. வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

இவையெல்லாம் நம் அறையுள் நிகழ்வன. அறைக்கு வெளியே நிகழ்வதும் நம் பொறுப்பே. சுவரின் தடுக்கும் ஆற்றல் ஒலி ஒரு ஸ்தாயி இறங்குந்தோறும் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும்; குரலைத் தடுத்து நிறுத்தும் சுவர் கீழொலியை விட்டுவிடும். மேற்கூறிய நண்பர், நாற்காலியை நகர்த்தியபின்னும் ஆசை தணியாராய், உறவினரிடத்திருந்து சப்வூபர் ஒன்றை ஒரு வாரத்திற்கு இரவல் பெற்று வந்தார். மேலே அவர் பாட்டை ஒலிக்கச் செய்ய, யாம் கீழ்ப்பகுதிக்குச் சென்று, நோயுற்றுக் கிடந்த வீட்டுக்கார மூதாட்டியார் கட்டிலருகே நின்று கேட்டோம். பாட்டும் சொல்லும் சிறிதும் கேட்டில. இடைவிடாத தும், தும் என்னும் முழக்கமே கேட்டது. "பாட்டுக் கேட்டாலாவது நானும் கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன் தம்பி, இது நெஞ்சுக்குள்ளே வந்து இடிக்குதே" என்றார் அவர். மேலே இருந்தவர்க்கு அது மிக அடக்கமான ஒலியாகவே தோன்றியிருந்தது.

சட்டத்தைத் துணைக்கழைத்தும் இதனை நியாயப்படுத்தவியலாது. இந்திய அரசின் 2000-ம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. அவ்வளவை செவியின் மந்தத்திற்கேற்பக் கீழொலிகளைக் குறைத்துக் காட்டுவது. 50 அதிர்வுள்ள ஒலியை உள்ளதினும் 30 டெசிபல் குறைத்தே அக்கருவி காட்டும். ஆகவே எல்லைக்குள்ளிருக்கும் ஒலியும் கீழ்வீட்டாரைத் துன்புறுத்தல் கூடும். நண்பர் மறுநாளே பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரியே; ஆழ்ந்த இசைக்கு இவ்வுலகில் ஹெட்போனும் உண்டு.

தனிவீட்டிலோ, கீழே ஒருவரும் இல்லாத தரைப்பகுதியிலோ வாழ்ந்து, ஆர்கன், பியானோ, திரையிசை முதலியவற்றை விரும்பிக் கேட்பார்க்கு யாம் தடை சொல்லோம். கருநாடக இசையே கேட்பார்க்கும், சுவரும் தளமும் பிறரோடு பங்கிட்டு வாழ்வார்க்கும் வேண்டாவென்றே கூறுவோம்.

வாங்கியோர் செய்யவேண்டுவன சில. சப்வூபர் முதன்மை ஒலிபெருக்கிகளினும் செவிக்கு 2 மீட்டர் சேய்மையில் இருப்பின், 80 அதிர்வில் அது ஏறத்தாழ அரை அலை பின்தங்கி, இரண்டும் கூடுமிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். பெட்டியின் பின்புறத்தில் 0, 180 எனக் குறித்த விசை இதற்கே உளது. இரு நிலையிலும் ஒரே பாட்டைக் கேட்டு, எதில் கீழொலி நிறைவுறுகின்றதோ அதில் விடுக. அளவை முதலில் முற்றும் தாழ்த்திப் பின்னர் மெல்ல உயர்த்துக. சப்வூபர் ஒலிப்பது தனித்துத் தெரியத் தொடங்குமிடத்தில் நிறுத்திச் சிறிது தாழ்த்துக. அதனை அணைத்தபோது மட்டுமே பாட்டில் ஏதோ குறைந்ததெனத் தோன்றுதல் வேண்டும். அமைத்தபின் ஒரு முறை வீட்டிலுள்ளார் ஒருவரை ஒலிக்கச் செய்துவிட்டு, நாமே அடுத்த வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டு வருக.